‘நெகட்டிவ்’ என்று வந்த இன்புளுவென்சாப் பரிசோதனை: அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து தம்பி குடும்பத்தினர் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். வந்த சில நாட்களில் தம்பியின் மகளுக்குத் தடிமனும் இருமலும் ஏற்பட்டன. அதன் பின்னர் எனது 11 வயது மகனுக்குக் கடுங்காய்ச்சல், உடம்பு உளைவு, தொண்டை நோ எல்லாம் ஒன்றாகத் தொடங்கின. ஐந்தாம் நாள் யாழ் நகரிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த பரிசோதனையில் ‘இன்புளுவென்சா ஏ, பி: நெகட்டிவ்’ என்று வந்தது. அறிக்கையின் பிரதியை இணைத்துள்ளேன். மறுநாள் நீரிழிவு உள்ள, 72 வயதான என் அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தபோது, எங்கள் குடும்ப வைத்தியர் எந்தப் பரிசோதனையும் செய்யாமலே இன்புளுவென்சாவுக்கான ஒசெல்டமிவிர் மருந்தை எழுதிக் கொடுத்தார். மகனுக்கு இல்லாத நோய்க்கு அம்மாவுக்கு மருந்தா? உலகம் முழுவதும் பரவும் புதிய வகை இன்புளுவென்சாவை எந்தப் பரிசோதனை சரியாகக் கண்டுபிடிக்கும், அதை யாழ்ப்பாணத்தில் செய்யலாமா? குருதியில் பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்று அயலவர் சொல்வது உண்மையா? அவ்வாறான பரிசோதனை இருக்குமானால் வைத்தியசாலையில் எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை?
— ஆசிரியை ஒருவர், கோண்டாவில்

பதில்: தங்கள் கேள்விகளில் நாள் கடந்தால் பயனற்றுப் போகக்கூடியது அம்மாவின் மருந்து பற்றியதே என்பதால் அதற்கு முதலில் விடை தருகிறேன். குடும்ப வைத்தியர் செய்தது முற்றிலும் சரி. ஒசெல்டமிவிர் காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் ஆரம்பிக்கப்படும்போதுதான் கூடிய பலனைத் தருகிறது. 65 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இன்புளுவென்சா என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. அம்மா இந்தப் பட்டியலில் இரண்டு காரணங்களால் இடம்பெறுகிறார். மகனின் அறிக்கையைக் காரணங்காட்டி மருந்தை இடையில் நிறுத்த வேண்டாம். சிறுநீரகத் தொழிற்பாடு குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருப்பதால், அதைக் காட்டும் குருதிப் பரிசோதனையான கிரியற்றினின் அளவு அம்மாவுக்குக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்பதை மட்டும் வைத்தியருக்கு நினைவூட்டுங்கள்.

இனி மகனின் அறிக்கை. நீங்கள் அனுப்பிய பிரதியின் அடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமமான எழுத்தில், ‘நெகட்டிவ் முடிவு தொற்று இல்லை என்பதை உறுதிப்படுத்தாது, நோய்க்குறிகளுடன் சேர்த்து நோக்கவும்’ என்ற பொருள்பட ஒரு வரி இருக்கிறது. பெரிய எழுத்தில் அச்சிட வேண்டியது அதுதான். செய்யப்பட்டது விரைவு அன்டிஜன் பரிசோதனை. வைரசின் உட்புறப் புரதம் ஒன்றைப் பட்டையில் பதித்த பிறபொருளெதிரிகள் பிடித்துக்கொள்ள, 15 நிமிடமளவில் கோடு தோன்றும். கோடு தெரிவதற்குக் கணிசமான அளவு புரதம் மாதிரியில் இருக்க வேண்டும் என்பதே இதன் பலவீனம். உண்மையாகவே இன்புளுவென்சா உள்ள 100 பேரைச் சோதித்தால் இவ்வகைப் பரிசோதனை பொதுவாக 50 முதல் 70 பேரைத்தான் கண்டுபிடிக்கும். மிகுதிப் பேர் ‘இல்லை’ என்ற அறிக்கையோடு வீடு திரும்புவார்கள். 2009 இல் பெருந்தொற்றாகப் பரவிய எச்1என்1 வைரசை வைத்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மூன்று விரைவுப் பரிசோதனைகளை ஒப்பிட்டபோது, அவை பிடித்தது 40 முதல் 69 சதவீதம் மட்டுமே. மறுபுறம், நோய் பரவும் காலத்தில் இதே பரிசோதனை ‘உண்டு’ என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். கயிறு எட்டாத வாளி வெறுமையாக மேலே வந்தால் கிணறு வற்றிவிட்டதென்று நாம் முடிவு செய்வதில்லை அல்லவா.

மகனின் விடயத்தில் கயிறு எட்டாமல் போனதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது நாள். இன்புளுவென்சா வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் மிகுதியாக இருப்பது காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களில்தான். அதன் பின் வேகமாகக் குறைகிறது. சிறுவர்களில் சற்று நீண்டு இருக்கும் என்றாலும், அன்டிஜன் பரிசோதனைக்கு ஐந்தாம் நாள் பிந்திய நாளே. இரண்டாவது மாதிரி எடுத்த விதம். குச்சி ‘மூக்கு நுனியில் பட்டும் படாமலும்’ விடப்பட்டது என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். முன்மூக்கில் எடுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவிகளும் உள்ளன; அவற்றிலும் உட்சுவரில் அழுத்திச் சுழற்ற வேண்டும். பின்மூக்கு மாதிரி என்றால் முறை வேறு. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, குச்சியை மேல்நோக்கிச் செலுத்தாமல் அண்ணத்துக்குச் சமாந்தரமாகச் செலுத்தி, மூக்குத் துவாரத்துக்கும் காதுத் துவாரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை அண்டிய ஆழத்தில் தடை தட்டுப்படும்வரை விட்டு, சில விநாடிகள் அங்கேயே வைத்து, மெதுவாகச் சுழற்றியபடி வெளியே எடுக்க வேண்டும். பிள்ளையின் கண்ணில் நீர் வரும். கொவிட் காலத்தில் அனுபவித்தவர்களுக்கு அது மறந்திருக்காது. நுனி செயற்கை இழையாலும் தண்டு பிளாஸ்ரிக்காலும் ஆன குச்சியே உகந்தது. மரத்தண்டில் பஞ்சு சுற்றிய குச்சியில் உள்ள பொருட்கள் பி.சி.ஆர் பரிசோதனையைக் குழப்பக்கூடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். விரைவுப் பரிசோதனைப் பட்டையில் எப்போதும் தோன்றும் ‘சி’ கோடு, திரவம் பட்டையில் ஒழுங்காக ஓடியது என்பதை மட்டுமே காட்டுகிறது. குச்சி மூக்கின் உள்ளே சென்றதா, அதில் ஏதாவது ஒட்டியதா என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. வெறுங்குச்சியை நனைத்துச் சோதித்தாலும் ‘சி’ கோடு வந்து ‘நெகட்டிவ்’ ஆகத்தான் முடியும்.

பெருந்தொற்று இன்புளுவென்சாவைப் பொறுத்தவரை இந்த விரைவுப் பரிசோதனைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் பிரித்துச் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பெருந்தொற்றுக்களை உண்டாக்குவது ‘ஏ’ வகை வைரஸ். அதன் மேற்பரப்பிலுள்ள எச், என் எனப்படும் இரு புரதங்களைக் கொண்டே எச்1என்1, எச்3என்2 என்று உபவகை பிரிக்கிறோம். விரைவுப் பரிசோதனை தேடுவது எல்லா ‘ஏ’ வைரசுக்கும் பொதுவான உட்புறப் புரதத்தை என்பதால், வருடாவருடம் வரும் எச்3என்2 ஆனாலும், கோழிகளிலிருந்து தொற்றிய எச்5என்1 ஆனாலும் அதற்கு எல்லாம் ஒரே ‘ஏ’தான். ஆகவே ‘பெருந்தொற்று இன்புளுவென்சாப் பரிசோதனை’ என்று ஒரு பட்டையைக் காட்டி யாராவது விலை சொன்னால் வாங்க வேண்டாம். இன்னொன்று: ‘பன்றிக்காய்ச்சல்’ என்று நாம் அஞ்சிய 2009 வைரஸ் இன்றும் நம்மோடுதான் இருக்கிறது. 2009 ஜூன் 11 இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்றாக அறிவித்து, 2010 ஓகஸ்ட் 10 இல் அந்தக் கட்டம் முடிந்ததென அறிவித்தது. அதன் பின் அவ்வைரஸ் பருவகால வைரசுகளில் ஒன்றாகிவிட்டது. இன்று ஒருவருடைய அறிக்கையில் ‘எச்1என்1’ என்று இருப்பதால் மட்டும் வீதியை மூட வேண்டியதில்லை.

அப்படியானால் உண்மையிலேயே புதிய ஒன்று வரும்போது ஆய்வுகூடம் அதை எவ்வாறு அறிகிறது? 2009 இல் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கலிபோர்னியாவில் சான்டியேகோ பகுதியைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சாதாரணக் காய்ச்சலும் இருமலும். புதிய பரிசோதனைக் கருவி ஒன்றை மதிப்பிடும் ஆய்வுக்காக அவனுடைய மாதிரி எடுக்கப்பட்டது. ‘ஏ’ வகை என்று முடிவு வந்தது. ஆனால் மனிதரில் அப்போது பரவிக்கொண்டிருந்த எச்1, எச்3 இரண்டோடும் அது பொருந்தவில்லை. மாதிரி மேல்நிலை ஆய்வுகூடங்களுக்குப் போய், ஏப்ரல் 15 இல் பன்றிகளில் காணப்படும் வைரசுகளை ஒத்த புதிய வைரஸ் என அடையாளங் காணப்பட்டது. இரு நாட்களின் பின், அருகிலுள்ள வேறொரு மாவட்டத்தில் 9 வயதுச் சிறுமியின் மாதிரியிலும் அதே வைரஸ். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவருக்கும் பன்றிகளோடு தொடர்பிருந்ததாகத் தெரியவில்லை. மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்ற அச்சம் அங்கேதான் பிறந்தது. ஒரு பெருந்தொற்றை முதலில் காட்டிக்கொடுத்தது ‘ஏ வகைதான், ஆனால் எந்த உபவகை என்று சொல்ல முடியவில்லை’ என்ற அரைகுறை விடை. எங்கள் துறையில் மிகுந்த கவனத்துக்குரிய விடை அதுவே. அவ்வாறான மாதிரியை எந்த ஆய்வுகூடமும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உசாத்துணை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். புதிய உபவகை மனிதரில் உறுதியானால், 2005 ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின்படி நாடு 24 மணித்தியாலத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்வது பி.சி.ஆர் பரிசோதனை. மாதிரியிலுள்ள வைரசின் ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏயாக மாற்றி, தேடும் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்குகிறார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 20 சுழற்சிகளில் பத்து இலட்சத்தைத் தாண்டும். பொதுவாக 40 சுழற்சிகள் வரை ஓட்டுவார்கள். விரைவுப் பட்டைக்கு எட்டாத சிறிய அளவு வைரசும் இதில் தெரிவது அதனால்தான். முதலில் எல்லா ‘ஏ’ வைரசுகளிலும் அதிகம் மாறாத ஒரு பரம்பரையலகைத் தேடுவர். அது இருந்தால், 2009 இன் எச்1, எச்3 ஆகியவற்றைத் தனித்தனியே தேடுவர். முன்பு சொன்ன அரைகுறை விடை பிறப்பது இந்த இரண்டாம் படியில். உசாத்துணை ஆய்வுகூடங்கள் பின்பற்றும் முறைகளில் மனித பரம்பரையலகு ஒன்றையும் கூடவே தேடுவது வழக்கம். அது கிடைக்கவில்லையானால் குச்சியில் மனிதக் கலங்களே ஒட்டவில்லை, மாதிரியைத் திரும்ப எடுங்கள் என்று பொருள். ‘சி’ கோட்டினால் செய்ய முடியாத காவலை இது செய்கிறது. இயந்திரத்தில் ஓடுவதற்குச் சில மணித்தியாலங்கள் போதும். மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பதும் பயணமுமே நாட்களைத் தின்கின்றன.

இவை இரண்டுக்கும் நடுவில், பொதி ஒன்றினுள் எல்லாவற்றையும் அடக்கிய விரைவு மூலக்கூற்றுப் பரிசோதனைகளும் வந்துள்ளன. காசநோய்க்குப் பயன்படுத்தப்படும் ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரத்துக்கே இன்புளுவென்சா ஏ, பி, கொவிட் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொதிகள் உண்டு. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவு வரும், நம்பகத்தன்மை பி.சி.ஆருக்கு அண்மையானது. விலைதான் கூட. இவற்றிலும் பல உபவகையைச் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தில் பி.சி.ஆர் புதிதல்ல. 2020 இல் கொவிட் மாதிரிகளை யாழ் போதனா வைத்தியசாலையும் யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் இங்கேயே பரிசோதித்தன. அதே இயந்திரத்தில் இன்புளுவென்சாவையும் பார்க்கலாம்; அதற்குரிய சோதனைப்பொருட்கள் வேறு, அவை கையிருப்பில் இருப்பது காலத்துக்குக் காலம் மாறும். எனவே நோயாளியின் உறவினர் ஆய்வுகூடம் ஆய்வுகூடமாக அலைவதை விட, சிகிச்சையளிக்கும் வைத்தியர் நுண்ணுயிரியல் பிரிவோடு நேரில் பேசுவதே குறுகிய வழி. உபவகை அறியவோ மேலதிக ஆய்வுக்கோ மாதிரி செல்ல வேண்டிய இடம் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். அதன் வைரசியல் பிரிவே இலங்கையின் தேசிய இன்புளுவென்சா நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் மாதிரி பழுதாகாமல் போக வேண்டும் என்பதால், குச்சியின் நுனியை இளஞ்சிவப்பு நிறக் காவுதிரவம் உள்ள குழாயினுள் முறித்து விட்டு, 2 முதல் 8 பாகை செல்சியசில் குளிர்ப்பெட்டியில் அனுப்புவர். 72 மணித்தியாலத்தைத் தாண்டுமானால் மறை 70 பாகையில் வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் ஐஸ் தட்டில் வைப்பது பாதுகாப்பல்ல. அரைகுறையாக உறைந்து உருகும் மாதிரியில் வைரஸ் சிதைந்துவிடும். பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய திகதி ஆகியன குழாயிலும் படிவத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று உறவினரும் ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

வேறு முறைகளும் உண்டு; அவை தங்களுக்கு நேரடியாகத் தேவைப்படமாட்டா. ஒளிரும் சாயம் இணைத்த பிறபொருளெதிரிகளால் மூக்குக் கலங்களை நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது சில மணித்தியாலங்களில் முடியும்; பழகிய கண் வேண்டும். உயிருள்ள கலங்களில் வைரசை வளர்ப்பதற்குச் சாதாரண முறையில் மூன்று முதல் பத்து நாட்கள் செல்லும். நோயாளிக்கு அது பிந்திய செய்தி. ஆனால் வளர்த்த வைரஸ் இல்லாமல் தடுப்பூசியைப் புதுப்பிக்க முடியாது. ஆண்டுதோறும் பெப்ரவரியிலும் செப்ரெம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் எந்த வைரசுகளைச் சேர்ப்பதென்று பரிந்துரைப்பது, பல நாட்டு நிலையங்கள் இவ்வாறு சேர்த்தனுப்பும் வைரசுகளை ஆராய்ந்துதான். ஒசெல்டமிவிருக்கு வைரஸ் கட்டுப்படாமல் போகும் பரம்பரையலகு மாற்றங்களையும் அத்தகைய ஆய்வுகூடங்களே தேடுகின்றன.

குருதி பற்றிய அயலவரின் ஆலோசனை பாதி பிழை, பாதி மிகச் சரி. இன்புளுவென்சாவுக்கான பிறபொருளெதிரியைக் குருதியில் பார்க்கலாம். ஆனால் நம்மில் பெரும்பாலானோரிடம் பழைய தொற்றினாலோ தடுப்பூசியினாலோ அது ஏற்கனவே இருக்கும் என்பதால், ஒரு தடவை பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நோயின் தொடக்கத்தில் ஒருமுறையும் இரண்டு மூன்று வாரங்களின் பின் இன்னொருமுறையும் எடுத்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் மட்டுமே தொற்று உறுதி. அதற்குள் நோயாளி எழுந்து நடமாடுவார். எனவே இது சமூகத்தில் எத்தனை பேருக்குத் தொற்றியது என்று ஆராய்பவர்களுக்குரிய பரிசோதனை.

ஆனால் மார்கழி மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்தவருக்குக் குருதிப் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லவே மாட்டேன். இன்புளுவென்சாவைத் தேடுவதற்காக அல்ல, டெங்குவைத் தவறவிடாமல் இருப்பதற்காக. மூன்றாம் நாளுக்குள் முழுக் குருதிப் பரிசோதனை செய்து, வைத்தியர் சொல்லும் இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும்; ஆரம்ப நாட்களில் டெங்கு அன்டிஜன் பரிசோதனையும் உதவும். இன்புளுவென்சாவில் காய்ச்சல் இறங்கினால் ஆறுதல். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்து தொடங்கும் வேளை. 2024 டிசம்பரில் இம்மாவட்டத்தில் காய்ச்சலோடு மூச்சுத்திணறல் ஏற்பட்டுச் சிலர் இறந்தபோது, இனந்தெரியாத காய்ச்சல் என்று ஊர் கலங்கியது. பரிசோதனைகளில் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தால் எல்லாம் இன்புளுவென்சா அல்ல. வயலில், வெள்ளநீரில் இறங்கியிருந்தால் வைத்தியர் கேட்காவிட்டாலும் அதை அவரிடம் சொல்லுங்கள். எது என்று தெளிவாகும்வரை காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் போதும்; டைக்குளோபினாக், இபுபுரோபன் டெங்குவில் குருதிப்பெருக்கைக் கூட்டும், அஸ்பிரின் அதோடு இன்புளுவென்சா உள்ள பிள்ளைகளில் மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய்க்கும் இடமளிக்கும்.

எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை என்ற கேள்விக்கு, செலவைத் தவிர வேறு காரணமும் உண்டு. ஆரோக்கியமான ஒருவருக்கு ‘உண்டு’ என்று வந்தாலும் ‘இல்லை’ என்று வந்தாலும் ஓய்வு, நீராகாரம், பரசிட்டமோல் என்ற சிகிச்சை மாறப்போவதில்லை. முடிவு சிகிச்சையை மாற்றும் இடங்களில் பரிசோதனை அவசியம்: விடுதியில் அனுமதிக்கப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள், முதியோர் இல்லத்திலோ மாணவர் விடுதியிலோ பலருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்ட சந்தர்ப்பங்கள். இதைவிட, தெரிவு செய்யப்பட்ட வைத்தியசாலைகளில் குறிப்பிட்ட வரைவிலக்கணத்துக்குப் பொருந்துவோரின் மாதிரிகளை ஒழுங்காக எடுத்து நாட்டில் எந்த வைரஸ் பரவுகிறது என்று கண்காணிக்கிறார்கள். எல்லோரையும் அரைகுறையாகச் சோதிப்பதை விடச் சிலரைச் சரியாகச் சோதிப்பது புதிய வைரசைப் பிடிப்பதற்கு உகந்தது என்பது என் கருத்தும்கூட.

அம்மாவை வைத்தியசாலையில் அனுமதிக்க நேர்ந்தால், மூக்கு மாதிரி ‘நெகட்டிவ்’ என்பதோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. நுரையீரலழற்சி ஏற்பட்டவர்களில் மேற்பகுதியில் வைரஸ் மறைந்து, கீழ்ச் சுவாசப்பாதையில் மட்டும் இருக்கலாம். அப்போது ஆழ்சளியையோ செயற்கைச் சுவாசக் குழாயிலிருந்து எடுத்த சுரப்பையோ சோதிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவரோடு இருந்ததையும், கோழிகளோ வேறு பறவைகளோ திடீரெனச் செத்த இடத்துக்கு யாராவது போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். 2024 இல் அமெரிக்கப் பண்ணைகளில் பசுக்களுக்கு எச்5என்1 தொற்றியபோது, அங்கு வேலை செய்த பலருக்குக் கண் சிவத்தலே முக்கிய அறிகுறியாக இருந்தது. அவர்களுக்குக் கண்ணிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். எங்கிருந்து மாதிரி எடுப்பது என்பதை நோயாளி சொல்லும் கதையே பல வேளைகளில் தீர்மானிக்கிறது.

மகனுக்கு இப்போது மீண்டும் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. அவனுக்கு வந்தது இன்புளுவென்சாவாக இருக்கவே சாத்தியம் அதிகம். அதை உறுதிப்படுத்துவதால் சிகிச்சையில் எதுவும் மாறாது. பரசிட்டமோல் இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சலற்று இருந்த பின் பாடசாலைக்கு அனுப்பலாம். அதுவரை அம்மம்மாவின் அறையில் படுக்க விடாதீர்கள். அம்மாவுக்கு மூச்செடுக்கச் சிரமம், நெஞ்சு நோ, மயக்கம், பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைதல், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டாலும் எந்தப் பரிசோதனை முடிவையும் எதிர்பார்க்காமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மகனின் அறிக்கையையும், அம்மா எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும், காய்ச்சல் தொடங்கிய திகதியையும் கையோடு எடுத்துப் போங்கள்.